வீட்டுச் சுவருக்கு வாங்கிய தேக்குமரப் பாடுபட்ட சுரூபம்

சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறைச் சுவருக்காக, கிறிஸ்தவப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில் 48 வெள்ளிக்கு சிலுவையில் அறையுண்ட இயேசுவின் உருவமான இந்தச் சுரூபத்தை வாங்கினேன். உரோமையர் அடிமைகளையும் கலகக்காரர்களையும் அவமானப்படுத்திக் கொல்லப் பயன்படுத்திய சிலுவை, இயேசு அதில் தம்மையே கையளித்ததால் மீட்பின் அடையாளமாயிற்று என்பதை, தலை சாய்ந்த அந்த முகத்தைச் செதுக்கியவர் உணர்ந்தே செய்திருக்கிறார்; வலியும் மன்னிப்பும் அதில் ஒன்றாகத் தெரிகின்றன. மெதடிஸ்ட் என்னும் புராட்டஸ்டன்ட் பிரிவைச் சேர்ந்த நண்பர்கள் வீட்டில் இருக்கும், உருவம் இல்லாத வெற்றுச் சிலுவை, இயேசுவின் உயிர்ப்பை முன்னிறுத்துகிறது. அதுவும் எனக்கு அருமையானதே. தலைக்கு மேலுள்ள சிறு பலகையில், ‘நாசரேத்து இயேசு யூதர்களின் அரசன்’ என்பதன் இலத்தீன் முதலெழுத்துகள் நான்கும் தெளிவாக உள்ளன. யோவான் நற்செய்தியின்படி, அந்த வாசகம் எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் ஆகிய மூன்று மொழிகளில் எழுதப்பட்டிருந்தது. சுவரில் மாட்டும் கொக்கி மட்டும் மெலிதாக இருந்ததால், வேறொன்று வாங்கிப் பொருத்தினேன்.