கரண்ட் போனாலும் அறுபடாத இணைப்பு எது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம், சாட்ஸ்வர்த்தில் கடை, டொங்காட்டில் கிடங்கு, கணக்குப் பார்க்கும் சித்தப்பா ஃபீனிக்ஸில் என்று வைத்துக்கொள்வோம். கடையில் விண்டோஸ், கிடங்கில் லினக்ஸ் சர்வர், சித்தப்பாவிடம் மேக். மூன்றையும் ஒரே நெட்வொர்க்காக்க விபிஎன் வேண்டும், அதாவது இணையத்தின் மேலேயே பூட்டிய ஒரு தனிப்பாதை. அதற்கு ஓப்பன்விபிஎன், வயர்கார்டு, டெயில்ஸ்கேல் என்று மூன்று வழிகள். மூன்றுமே எல்லா வகைக் கம்ப்யூட்டரிலும் ஓடும். வேகத்தையும் நான் பெரிதாகப் பார்ப்பதில்லை. டர்பன் பக்கம் கேட்க வேண்டியது வேறு: லோட் ஷெடிங்கில் (முறைவைத்துக் கரண்டை நிறுத்தும்போது) ஃபைபர் படுத்து, ரூட்டர் சிம் கார்டுக்கு மாறும்போது என்ன ஆகும்? 2023இல் ஸ்டேஜ் 6 என்ற கடுமையான கரண்ட் வெட்டைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. (டவரின் பேட்டரியும் தீர்ந்துவிட்டால் எதுவும் உதவாது, அது வேறு கதை.)

ஓப்பன்விபிஎன் 2001இலிருந்து இருக்கிறது. பாதுகாப்பான இணையதளங்கள் போகும் அதே டிசிபி 443ஆம் போர்ட்டிலும் ஓடுவதால் கெடுபிடியான ஹோட்டல் வைஃபையிலும் பெரும்பாலும் நுழைந்துவிடும். ஆனால் அப்படி டிசிபியில் ஓட்டினால், லைன் மாறியதும் அறுந்து, காத்திருந்து, முதலிலிருந்து தொடங்கும்.

வயர்கார்டு இந்த இடத்தில் கெட்டி. 2020இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 5.6இல் சேர்ந்தது. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு ஜோடி சாவி, அவ்வளவுதான். ஐபி (இணைய முகவரி) மாறினாலும், சரியான சாவியோடு அடுத்த பாக்கெட் வந்ததும் புது முகவரிக்கே பதில் போகும். சிக்கல் வேறு இடத்தில்: ஒரு பக்கமாவது வெளியிலிருந்து எட்டக்கூடிய பப்ளிக் ஐபி வேண்டும். கிடங்கே சிம்முக்கு மாறிவிட்டால்? மொபைல் நிறுவனங்கள் பெரும்பாலும் பல வாடிக்கையாளர்களை ஒரே ஐபிக்குப் பின்னால் வைக்கின்றன. அப்போது வெளியிலிருந்து கிடங்கை எட்ட வழியில்லை. வாடகைக்கு ஒரு சின்ன கிளவுட் சர்வர் எடுத்து நடுவில் வைத்தால் தீரும்.

டெயில்ஸ்கேலின் உள்ளே ஓடுவதும் வயர்கார்டுதான். இரண்டு பக்கமும் சிம்மில் இருந்தாலும் நேர்வழி தேடும். கிடைக்காவிட்டால் தன் ரிலே (நடுவில் நின்று கைமாற்றும் சர்வர்) வழியாக அனுப்பும். ரகசியச் சாவி நம் மெஷினை விட்டுப் போகாது, அதனால் ரிலேயால் எதையும் படிக்க முடியாது. ஆனாலும் யார் யார் உறுப்பினர் என்ற பட்டியல் அந்த நிறுவனத்தின் சர்வரில். அது உறுத்தினால், அந்தப் பட்டியலை நாமே வைத்துக்கொள்ள ஹெட்ஸ்கேல் என்ற மென்பொருள் இருக்கிறது, அதற்கும் சொந்தமாக ஒரு சர்வர் பராமரிக்க வேண்டும்.

சர்வர் பார்த்துக்கொள்ளத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் வயர்கார்டு. சித்தப்பாவே இன்ஸ்டால் செய்ய வேண்டுமென்றால் யோசிக்காமல் டெயில்ஸ்கேல். ஓப்பன்விபிஎன் மற்ற இரண்டும் நுழையாத இடத்துக்கு மட்டும்.

அப்புறம், எதைப் போட்டாலும் பில்லிங் டேட்டாபேஸ் கோப்பைப் பகிர்ந்த ஃபோல்டராக இதன் மேல் திறக்காதீர்கள். எழுதும் நடுவில் லைன் போனால் கோப்பு கெடலாம். பில்லிங் ஓடும் மெஷினுக்குள்ளேயே ரிமோட் டெஸ்க்டாப்பில் (அதன் திரையைத் தூரத்திலிருந்தே இயக்கும் வழி) போய் வேலை பாருங்கள்.