மலைநாடும் கடலோரமும்: தனியாகக் கார் ஓட்டிச் சென்று நடந்த அனுபவம்

பெங்களூரிலிருந்து தனி ஆளாகக் கார் ஓட்டிச் சென்று, கர்நாடகத்தின் மேற்கு மலைத்தொடரை ஒட்டிய மலைநாட்டுக் காடுகளிலும் அம்மாநிலக் கடலோரத்திலும் நடந்துவிட்டுத் திரும்புவதைச் சில ஆண்டுகளாக வழக்கமாக வைத்திருக்கிறேன். அல்சூரில் என்னிடம் இதைப் பற்றி விசாரிக்கும் நண்பர்கள் எந்தச் சிகரம் அழகு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மலையேறி இறங்கிய அதே கால்கள் அன்று மாலையே கிளட்சையும் பிரேக்கையும் மிதித்தாக வேண்டுமா என்பதே தனியாகப் போகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. நான்கு பேர் சேர்ந்து போனால் களைத்தவர் பின்னிருக்கையில் தூங்கலாம். தனியாளுக்கு அது இல்லை. எனவே நடக்கும் நாளில் மலைச்சாலையில் ஓட்டுவதில்லை, ஓட்டும் நாளில் நீண்ட நடை வைத்துக்கொள்வதில்லை என்ற ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறேன். பயணத்தில் ஒன்றிரண்டு நாள் கூடுகிறது, செலவும் கூடுகிறது. ஆனாலும் இதை நான் மாற்றப் போவதில்லை.

நான் அதிகம் போகும் வழி ஹாசன், பேலூர், மூடிகெரே, கொட்டிகெஹாரா வழியாக, குதிரேமுக் மலைக்கு அருகிலுள்ள களசா என்ற ஊருக்குச் செல்வது. ஏறத்தாழ 320 கிலோமீட்டர்தான் என்றாலும், பேலூரைத் தாண்டிய பிறகு காப்பித் தோட்டங்களுக்கு நடுவே சாலை வளைந்துகொண்டே இருப்பதால் பகல் முழுவதும் அதற்கே போய்விடும். களசாவிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்வது நல்லது. அதற்கப்பால் கைபேசித் தொடர்பும் பெரும்பாலும் அற்றுப்போகும்; எனக்குக் கிடைத்த வரையில் பி.எஸ்.என்.எல். மட்டுமே அங்கங்கே எட்டிப்பார்க்கிறது. ஆகவே வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கிக்கொண்டு, எந்தப் பாதையில் போகிறேன், எத்தனை மணிக்குள் திரும்புவேன் என்பதைத் தங்குமிடத்தாரிடமும் வீட்டிலும் சொல்லிவிட்டே கிளம்புகிறேன்.

குதிரேமுக் சிகர நடை முல்லோடியில் தொடங்குகிறது. போக வர ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஓடைகளைக் கடந்து, சோலைக்காட்டுக்குள் புகுந்து வெளிவந்தால், 1,890 மீட்டருக்குச் சற்று மேலான உச்சிவரை புல்வெளிதான். 1987இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்தக் காட்டில், உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து 2005ஆம் ஆண்டின் இறுதியில்தான் இரும்புச் சுரங்கம் நின்றது. பாதி வெறிச்சோடிய சுரங்கக் குடியிருப்பு இன்றும் சாலையோரத்தில் நிற்கிறது. நடை தொடங்கும் இடத்துக்குச் செல்லும் கரடுமுரடான பாதையில் சிறிய காரை ஏற்றுவது வீண் வேலை. ஜீப்பில்தான் போக வேண்டும். ஏழெட்டுப் பேர் பகிர்ந்துகொள்ளும் வாடகையைத் தனியாகப் போகிறவர் முழுவதுமாகக் கொடுக்க வேண்டும், அல்லது முந்தின இரவே ஹோம்ஸ்டேக்காரரிடம் சொல்லி வேறொரு குழுவுடன் சேர்ந்துகொள்ள வேண்டும். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன். சனி, ஞாயிறுகளில் ஓர் ஆளுக்காக ஓர் அறையைக் கொடுக்கச் சில ஹோம்ஸ்டேக்கள் தயங்குவதும் உண்டு. வார நாட்களில் அந்தத் தயக்கம் இருப்பதில்லை, அரிசிமாவில் சுடும் அக்கி ரொட்டியும் சூடாகக் கிடைக்கிறது.

அனுமதி விஷயத்தில் மட்டும் தனியாளுக்குச் சாதகம். 2024 ஜனவரி இறுதி விடுமுறையில் குக்கே சுப்பிரமணியாவை ஒட்டிய குமார பர்வத மலையில் கூட்டம் அலைமோதியதை அடுத்து, வனத்துறை மலைநடைகளை இணையவழி முன்பதிவுக்குள் கொண்டுவந்து, ஒரு பாதைக்கு நாளொன்றுக்கு 300 பேர் என்று வரம்பு வைத்தது. ஆறு பேருக்குச் சேர்ந்தாற்போல் இடம் தேடுவதைவிட ஒருவருக்குத் தேடுவது எளிது.

அந்தக் குமார பர்வதமே தனிப் பயணத்தின் இன்னொரு சிக்கலையும் காட்டுகிறது. 1,712 மீட்டர் உயரமுள்ள அதற்குக் குக்கே சுப்பிரமணியாவிலிருந்தும் ஏறலாம், சோம்வார்பேட்டைப் பக்கமுள்ள பீடஹள்ளியிலிருந்தும் ஏறலாம். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குவதுதான் அழகு. ஆனால் காரை ஒரு பக்கத்தில் நிறுத்திவிட்ட தனியாள், முளையில் கட்டிய மாட்டைப்போல அதே இடத்துக்குத்தான் திரும்பியாக வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த மலைக்குப் பேருந்தில் செல்வதை நான் பரிந்துரைக்கிறேன்.

கடலோரத்தில் இதற்கு வழி இருக்கிறது. களசாவிலிருந்து குதிரேமுக் காட்டின் ஊடாகக் கார்க்களா ஊருக்கு இறங்கி, உடுப்பியில் தேசிய நெடுஞ்சாலை 66ஐப் பிடித்து, ஒருபுறம் சௌபர்ணிகை ஆறும் மறுபுறம் அரபிக்கடலுமாக இருக்கும் மரவந்தேயைக் கடந்து கோகர்ணம் சேர்கிறேன். அங்கே காரை நிறுத்திவிட்டு, மறுநாள் காலைப் பேருந்தில் கும்டா போய், அங்கிருந்து கடலோரமாக வடக்கே நடந்தால், நடை முடியும் ஊரிலேயே கார் இருக்கும். நடுவில் அகநாசினி ஆற்றைத் தடடிக்குப் போகும் படகில் கடக்க வேண்டும். நீர் வற்றும் வேளையில் ஆற்றுமுகத்தில் மட்டி அள்ளுபவர்களைக் காணலாம். பிறகு பாரடைஸ், ஹாஃப் மூன், ஓம், குட்லே என்று கடற்கரைகளைச் செம்பாறை முகடுகள் இணைக்கின்றன. என் கணிப்பில் இந்த நடை குதிரேமுக்கைவிடக் கடினமானது, ஏனெனில் உயரம் இல்லாவிட்டாலும் நிழலும் இல்லை, வியர்வையும் காய்வதில்லை. இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வதே நல்லது. தனியாக இருக்கும்போது அந்தக் கடலில் நீந்த இறங்குவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரத்தம் உறிஞ்சும் அட்டைகளைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் உண்ணிகளைப் பற்றி யோசிப்பதே இல்லை. அட்டை கொஞ்சம் இரத்தத்தோடு போய்விடும். உண்ணிக்கடியால் பரவும் குரங்குக் காய்ச்சலோ உயிருக்கே ஆபத்தாகலாம்; 1957இல் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் முதலில் கண்டறியப்பட்ட அந்நோய், மழை ஓய்ந்த பிறகு, நவம்பர் முதல் மே வரை, அதாவது நாம் நடக்க விரும்பும் அதே மாதங்களில்தான் தலைகாட்டுகிறது. முழுக்கைச் சட்டை, காலுறைக்குள் செருகிய கால்சட்டை, சுகாதாரத் துறை காட்டோர மக்களுக்கு வழங்கும் டெப்பா போன்ற விரட்டி எண்ணெய், திரும்பியதும் வெந்நீர்க் குளியல் ஆகியவற்றை விடாமல் கடைப்பிடிக்கிறேன். குரங்கு செத்துக் கிடந்த இடம் என்று ஊரார் சொன்னால் அந்தப் பாதையில் போவதில்லை.

காரைப் பொறுத்தவரை, சிறிய பெட்ரோல் கார் இந்தச் சாலைகளுக்குப் போதுமானது. இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே இறங்கினால் பிரேக் சூடேறுவதில்லை. கடலோரம் போய் வந்தால் உப்புப் படிந்த அடிப்பகுதியை உடனே கழுவிவிட வேண்டும். ஹொன்னாவர், கேருசொப்பா, சாகரா வழியாகத் திரும்புவதே எனக்குப் பிடித்த வழி. ஜோக் அருவியைப் பார்த்துவிட்டுச் சாகராவில் ஓர் இரவு தங்கினால், மறுநாள் தும்கூரு வழியாகப் பொழுதோடு பெங்களூர் சேரலாம்.

கடும் மழை மாதங்களில் இந்தச் சுற்றுக்கு நான் போவதில்லை. 2024 ஜூலை 16 அன்று அங்கோலா அருகே ஷிரூரில் மலை சரிந்து, நெடுஞ்சாலையோரத் தேநீர்க்கடையோடு மனிதர்களையும் வாரிக்கொண்டுபோன பிறகு, ஜூலையில் அந்த 66ஆம் சாலையில் ஓட்ட மனம் வரவில்லை. ஹாசன் பக்கமிருந்து மங்களூர்ப் பக்கம் இறங்கும் ஷிராடி மலைச்சாலையும் மழையில் அவ்வப்போது மூடப்படுகிறது. அக்டோபரில்கூட, பெருமழை எச்சரிக்கை வந்தால் ஹாசனில் வண்டியை நிறுத்தி விசாரிக்கிறேன். சாலை திறந்திருக்கிறது என்று உறுதியானால் மேற்கே போகிறேன், இல்லாவிட்டால் பேலூர் கோயிலைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிவிடுகிறேன்.