நோட்டா, டேப்லெட்டா?

ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கிறார். நோட்டும் கரும்பலகையும் உள்ள வகுப்பில் நான்கைந்து கைகள் உயரும். பெரும்பாலும் அதே கைகள்தான். டேப்லெட் வகுப்பில் எல்லாருடைய விடையும் ஆசிரியரின் திரைக்கு வந்துவிடுகிறது. வாய் திறக்கக் கூசும் கடைசி வரிசைப் பிள்ளையும் கணக்கில் சேர்கிறது. இது சின்ன லாபமில்லை.

கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சுமார் 1 விநாடிதான் காத்திருக்கிறார்கள், 3 விநாடி பொறுத்தால் விடைகள் நீண்டு தெளிவாகின்றன என்று 1970களில் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார். டேப்லெட்டில் எல்லாரும் எழுதி முடிக்கும்வரை பொறுத்தாக வேண்டியிருக்கிறது. அந்தப் பொறுமை தானாகவே வந்துவிடுகிறது.

ஆனால் நோட்டைத் திருத்துகிறவர் மேசைவரை வந்து குனிகிறார். மூன்று முறை அழித்து மெலிந்துபோன தாள், கடன் வாங்கிய எண்ணின் மேல் தயங்கித் தயங்கிப் போட்ட கோடு, ஓரத்தில் எண்ணிப் பார்த்த சின்னப் புள்ளிகள் எல்லாம் கண்ணில் படுகின்றன. “இங்கேதானே குழம்பினாய்?” என்று விரல் வைத்துக் கேட்க முடிகிறது. சரியா தவறா என்று மட்டும் காட்டும் செயலியில் தடுமாற்றத்தின் தடயமே இருக்காது. பிள்ளையும் ஆசிரியரின் முகத்தை விட்டுத் திரையைப் பார்க்கிறது.

கணக்குப் பாடத்துக்கு நான் நோட்டைத்தான் கேட்பேன். பேட்டரி தீர்ந்த டேப்லெட்டுக்காகக் கரையும் நிமிடங்களைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.