நவூருவா துவாலுவா, எது நெஜமாவே சின்ன நாடு?

உலகத்துலயே சின்ன தீவு நாடு எதுன்னு கேட்டா டக்குனு நவூருன்னு சொல்லிடுவாங்க. கணக்குப்படி சரிதான், மொத்தமே 21 சதுர கி.மீ., வாடிகனும் மொனாக்கோவும்தான் அதைவிட சின்ன நாடுங்க. அடுத்த இடம் துவாலுவுக்கு, 26 சதுர கி.மீ., ரெண்டுமே பசிபிக் கடல்ல இருக்கற தீவு நாடுங்க. ஆனா ரெண்டையும் மேப்ல ஜூம் பண்ணிப் பாத்ததுலேருந்து எனக்கு இந்த வரிசை ஒத்துவரல, என்னைக் கேட்டா துவாலுதான் சின்னது.

நவூரு ஒரே தீவு, முட்டை மாதிரி முழுசா இருக்கு. சுத்தி வர ரோடு சுமார் 19 கி.மீ. தான், கார்ல அரை மணி நேரத்துல ஒரு ரவுண்டு அடிச்சு கெளம்பின எடத்துக்கே வந்துடலாம். ஆனா அந்த 21லயும் பெரும்பகுதி ஆளுங்க வாழ முடியாத எடம். நடுவுல டாப்சைடுன்னு சொல்ற மேட்டு நிலத்துல 1907லேருந்து உரத்துக்கான பாஸ்பேட் தோண்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க, மிச்சம் நிக்கிறது கூர் கூரா பவளப்பாறைத் தூண்கள்தான், அதுல நடக்கவே முடியாது, விவசாயம் எங்க பண்றது. சனங்க கடலோரமா ஒரு மெல்லிய பட்டையிலயும் உள்ள புவாடா குளத்தைச் சுத்தியும்தான் இருக்காங்க. இதுக்காக 1989ல, முன்னாடி அந்தத் தீவை நிர்வாகம் பண்ணின ஆஸ்திரேலியா மேல சர்வதேச நீதிமன்றத்துல கேஸ் போட்டு, 1993ல 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு சமரசம் ஆச்சு. இவ்ளோ கொடுமைக்கு அப்புறமும் நவூருகிட்ட ஒண்ணு மிச்சம் இருக்கு, உயரம். அந்த மேடு 60 மீட்டருக்கு மேல போகுது, அதை சரி பண்ணி அங்க குடியேறலாம்னு அரசாங்கமே திட்டம் வச்சிருக்கு.

துவாலுல அந்தப் பேச்சுக்கே வழியில்ல. அந்த 26 சதுர கி.மீ. ஒரே எடத்துல கெடையாது, 9 தீவாவும் பவளத்திட்டாவும் பிரிஞ்சு 600 கி.மீ.க்கு மேல சிதறிக் கெடக்கு. பாதிக்கு மேல சனங்க இருக்கற தலைநகர் ஃபூனாஃபுட்டியை எடுத்துக்கோங்க, நடுவுல இருக்கற காயல் 275 சதுர கி.மீ., அதைச் சுத்தி இருக்கற நிலமெல்லாம் சேத்தா வெறும் 2.4. அதுல பெரிய துண்டு ஃபோங்காஃபாலே, அதோட குறுகலான எடத்துல நின்னா ஒரு பக்கம் பசிபிக், இன்னொரு பக்கம் காயல், நடுவுல சுமார் 20 மீட்டர் தரை, அவ்ளோதான். அந்தத் துண்டுலதான் 1943ல அமெரிக்க ராணுவம் ரன்வே போட்டுது, அதுக்கு வேணுங்கற பவள மண்ணை அங்கயே குழி குழியா வெட்டி எடுத்தாங்க, அந்தக் குழிங்கள்ல உப்புத் தண்ணியும் குப்பையும் தேங்கி, 2015ல நியூசிலாந்து காசுல காயல் மணலை அள்ளிக் கொட்டித்தான் மூடினாங்க. பிளேன் வராத நேரத்துல சாயங்காலம் அதே ரன்வேலதான் பசங்க ஃபுட்பால், வாலிபால் ஆடறாங்க, பிளேன் வந்தா சைரன் அடிப்பாங்க, எல்லாரும் ஒதுங்கிடணும். ஏன்னா வேற திறந்த வெளி அங்க ரொம்பக் கம்மி.

நாட்டோட ஆக உயரமான எடமே 5 மீட்டர் வராது. பெரிய ஓதம் வந்தா தண்ணி கரையைத் தாண்டி வர்றது மட்டுமில்ல, பவளத்தரையில ஓட்டை இருக்கறதால வீட்டுக்குப் பக்கத்துல கீழேருந்தே ஊறி மேல வந்துடுது. காயல் பக்கமா மண்ணு கொட்டி சுமார் 7 ஹெக்டேர் புது நிலம் உண்டாக்கிருக்காங்க, நம்ம கண்ணுக்கு சின்னதா தெரியும், அந்த ஊருக்கு அது பெருசு.

கடலைக் கணக்குல சேத்தா எல்லாமே மாறுது. நவூருவுக்கு உரிமையுள்ள கடல் பரப்பு சுமார் 3 லட்சம் சதுர கி.மீ., துவாலுவோடது 7 லட்சத்துக்கும் மேல, சூரை மீன் பிடிக்க வர்ற வெளிநாட்டுக் கப்பலுங்க கட்டற லைசென்ஸ் காசுதான் வருமானத்துல பெரிய பங்கு. அதனாலதான் துவாலு 2023ல அரசியலமைப்பையே மாத்தி, நிலம் முழுகினாலும் எங்க நாடு நாடுதான், எல்லையும் மாறாதுன்னு எழுதி வச்சாங்க.

அதே வருஷம் ஆஸ்திரேலியாவோட ஒப்பந்தமும் போட்டாங்க, வருஷத்துக்கு 280 பேர் அங்க போய் குடியேறலாம். 2025ல முதல் குலுக்கலுக்கு பேர் கேட்டப்போ, குடும்பத்தோட சேத்து நாட்டு சனத்துல அஞ்சுல நாலு பங்குக்கு மேல பதிஞ்சுட்டாங்க.