படத்தில் நிற்கும் பீரங்கி எது? – எஸ்ஏ-குவா காப்பகம் குறித்து ஒரு மதிப்புரை

பின்லாந்துப் பாதுகாப்புப் படைகள் 2013ஆம் ஆண்டு இணையத்தில் திறந்துவைத்த எஸ்ஏ-குவா என்னும் போர்க்காலப் புகைப்படக் காப்பகத்தை, ஒரே ஒரு வேலைக்காகத் தொடர்ந்து பயன்படுத்துகிறவன் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். ஒரு படத்தில் நிற்கும் பீரங்கி எந்த வகையைச் சேர்ந்தது என்று கண்டறிவதே அந்த வேலை. 1939 முதல் 1945 வரை சோவியத் ஒன்றியத்துடன் நடந்த குளிர்காலப் போர், தொடர்ச்சிப் போர், ஜெர்மன் படைகளுடன் நடந்த லாப்லாந்துப் போர் ஆகிய மூன்றையும் சேர்ந்த சுமார் 1,60,000 படங்கள் இங்கே கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பெரும்பகுதி தொடர்ச்சிப் போர்க்காலத்தவை. ராணுவத்தின் தகவல் கம்பெனிகள் என்னும் படைப்பிரிவுகளில் பணியாற்றிய புகைப்படக்காரர்கள் எடுத்தவை. பீரங்கிகளைத் தேடி வருகிறவர்களுக்கு இதற்கு இணையான திறந்த சேமிப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் படக்குறிப்பை மட்டும் நம்பி வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள்.

ஏன் பின்லாந்துப் பீரங்கிகளை அடையாளம் காண்பது இவ்வளவு கடினம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1918இல் ரஷ்யப் படைகள் விட்டுச்சென்ற பீரங்கிகளே அந்நாட்டுப் பீரங்கிப்படையின் அடித்தளம். குளிர்காலப் போர் தொடங்கியதும் பிரிட்டனிலிருந்தும் பிரான்சிலிருந்தும் முந்தைய தலைமுறைப் பீரங்கிகள் அவசர அவசரமாக வாங்கப்பட்டன. 1939 இறுதியிலும் 1940 தொடக்கத்திலும் சுவோமுசல்மி, ராத்தே சாலைப் போர்களில் சோவியத் டிவிஷன்கள் நொறுக்கப்பட்டபோது புத்தம்புதிய சோவியத் பீரங்கிகள் கைக்கு வந்தன. 1940இன் பிற்பகுதியிலிருந்து ஜெர்மனியும் பீரங்கிகளை விற்கத் தொடங்கியது. அவற்றுள் ஜெர்மானியத் தயாரிப்புகளோடு, ஜெர்மனி பிரான்சில் கைப்பற்றியவையும் இருந்தன. இதனால் ஒரே படைப்பிரிவில் 1877ஆம் ஆண்டு வடிவமும் 1938ஆம் ஆண்டு வடிவமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கக்கூடும். இப்படிப்பட்ட கலவையை வைத்துக்கொண்டு, ஜெனரல் வில்ஹோ நெனோனென் வழிகாட்டலில் நில அளவையையும் வானிலைக் கணக்கையும் அடிப்படையாகக் கொண்ட மிகத் துல்லியமான சுடுமுறையை அந்தப் படை வளர்த்தெடுத்தது என்பதை எண்ணும்போது, இந்தப் பழைய இரும்புகள் மீது எனக்கு மரியாதை கூடுகிறது.

பெயரிடும் முறை நல்ல வேளையாக எளிது. முதலில் குழல்விட்டம் மில்லிமீட்டரில் வரும். அடுத்து, நீண்ட குழல் கொண்ட கனூனா என்றால் கே, குண்டை உயர எறியும் குட்டைக் குழல் கொண்ட ஹோவிட்சர் என்றால் எச். இறுதியில் வடிவமைக்கப்பட்ட ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள். 76 கே 02 என்றால் ரஷ்யாவின் 1902ஆம் ஆண்டு 76 மி.மீ. களப்பீரங்கி, 122 எச் 38 என்றால் சோவியத் எம்-30 ஹோவிட்சர். எதிரியிடமிருந்து கைப்பற்றியவற்றுக்கும் இதே முறைதான்.

இனிக் காப்பகத்துக்கு வருவோம். படக்குறிப்புகள் பின்னிஷ் மொழியில் மட்டுமே இருக்கின்றன. அவற்றில் தேதியும் இடமும் பெரும்பாலும் உண்டு, பீரங்கியின் வகை மிக அரிதாகவே உண்டு. "பீரங்கி சுடுகிறது", "கனரக ஹோவிட்சர் நிலையில்" என்ற அளவோடு குறிப்பு நின்றுவிடும். போர் நடந்துகொண்டிருந்தபோது தணிக்கைக்கு உட்பட்டு எழுதப்பட்ட குறிப்புகளிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. தேடுபொறியைப் பயன்படுத்துகிறவர்கள் பின்னிஷ் வேற்றுமை உருபுகளை மனத்தில் கொள்ள வேண்டும்: பீரங்கிக்கான "டுக்கி" என்ற சொல் சில உருபுகளை ஏற்கும்போது "டுகின்" என்று இடையிலுள்ள இரட்டை மெய்யை இழந்துவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே தட்டச்சு செய்து தேடுவதே பாதுகாப்பு. ஹோவிட்சருக்கான "ஹௌபிட்சி" என்ற சொல்லில் இந்தத் தொல்லை இல்லை. இடப்பெயரைக் கொண்டு தேடுவது இன்னும் நல்லது. போர்க்களங்களான சும்மா, தைபாலே, கொல்லா, இஹந்தலா போன்ற ஊர்ப்பெயர்களோடு ஆண்டையும் சேர்த்துப் பார்த்தால், குறிப்பில் பீரங்கி என்ற சொல்லே இல்லாத படங்களிலும் பீரங்கி நிற்பதைக் காணலாம்.

குறிப்பு கைவிடும் இடத்தில் படத்தின் அளவு காப்பாற்றுகிறது. இந்தச் சேவையின் உண்மையான பலம் இதுதான். பெரிய அளவில் பதிவிறக்கிய படத்தைத் திரையில் விரித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தால், சக்கரத்தின் ஆரங்களும் காப்புத் தகட்டின் மடிப்பும், தரையில் கிடக்கும் பித்தளை உறைகளும்கூடத் தெளிவாகத் தெரிகின்றன. நான் முதலில் பார்ப்பது, பீரங்கியின் பின்புறத்தில் தரையில் ஊன்றும் வால்பகுதியை. ஒற்றை வால் என்றால் பெரும்பாலும் முதல் உலகப்போர்க்காலம் அல்லது அதற்கு முந்தைய வடிவம். இரண்டாகப் பிரிந்து விரியும் வால் என்றால் பெரும்பாலும் 1930களின் வடிவம். பீரங்கிக் குழிக்குள் வால் மறைந்திருந்தால், குழலுக்கு மேலோ கீழோ இருந்து, சுடும்போது குழல் பின்னோக்கி உதைப்பதைத் தாங்கும் பின்னுதைப்பு உருளைகளைப் பார்க்க வேண்டும். 76 கே 02இல் அந்த அமைப்பு குழலுக்குக் கீழே இருக்கிறது. பிரிட்டனிலிருந்து வந்த 84 கே 18இலோ குழலின் முதுகில் தடித்த உருளையாக ஏறி உட்கார்ந்திருக்கிறது. மரச்சக்கரம், காப்புத் தகடு, ஒற்றை வால் எல்லாம் இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்க, இந்த ஓர் உறுப்பு போதும் இரண்டையும் பிரித்துவிட.

பின்னுதைப்பு அமைப்பே இல்லாத பீரங்கிகளும் உண்டு. பிரான்சிலிருந்து வந்த டி பாஞ்சு வடிவமைப்பைச் சேர்ந்த 90 கே 77, ரஷ்யாவின் 107 கே 77 ஆகிய இரண்டிலும் குழல் நேரடியாக வண்டியின் மீது பொருத்தப்பட்டிருக்கிறது. சுட்டவுடன் பீரங்கி முழுவதுமே பின்னோக்கி உருளும். சக்கரங்களுக்குப் பின்னால் ஆப்பு வடிவச் சாய்வுக் கட்டைகளைக் கண்டாலோ, குண்டு வெளியேறிய நொடியில் எடுக்கப்பட்ட படத்தில் சக்கரங்கள் அந்தச் சாய்வில் ஏறிக்கொண்டிருந்தாலோ, இந்தக் குடும்பத்தை உறுதி செய்துகொள்ளலாம். அத்தகைய பீரங்கிகளின் அருகே பித்தளை உறைகள் சிதறிக் கிடப்பதில்லை. வெடிமருந்து பைகளில் வந்தது. காப்புத் தகடும் இல்லை. உயரமான சக்கரங்களுக்கு நடுவே குழல் மட்டும் மொட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும்.

122 மி.மீ. ஹோவிட்சர்களில்தான் என் பொறுமை சோதிக்கப்படுகிறது. கிரூப் நிறுவன வடிவமான 122 எச் 09, ஷ்னைடர் வடிவமான 122 எச் 10 ஆகிய இரண்டும் தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி. குண்டு நுழைக்கும் பின்புறக் கதவு தெரியும்படி எடுக்கப்பட்ட படம் கிடைத்தால் ஐயம் தீர்ந்தது: கிரூப் ஹோவிட்சரில் கதவு ஓர் ஆப்பைப் போலப் பக்கவாட்டில் நகர்கிறது, ஷ்னைடர் ஹோவிட்சரில் அது திருகி மூடும் அடைப்பாகக் கீலில் திறந்து நிற்கிறது. முன்புறத்திலிருந்து மட்டும் எடுக்கப்பட்ட படம் என்றால், "122 மி.மீ. பழைய ஹோவிட்சர்" என்று எழுதி நிறுத்திக்கொள்வதே நேர்மை. ஊகத்தை உறுதிபோல எழுதிய குறிப்புகள் பல இடங்களில் நகலெடுக்கப்பட்டுப் பரவிவிட்டதால், இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

சோவியத் பெரும்பீரங்கிகள் இதற்கு நேர்மாறானவை. அவை தம்மைத் தாமே அறிவித்துக்கொள்கின்றன. 152 எச் 37 என்று பின்லாந்தில் வழங்கிய எம்எல்-20இன் குழல் முனையில் பின்னுதைப்பைக் குறைக்க, வரிசையான பிளவுகள் கொண்ட பெரிய தடுப்பு இருக்கும். 122 கே 31 என்ற ஏ-19 பீரங்கியின் பிற்கால வடிவம் அதே வண்டியில்தான் பொருத்தப்பட்டது. ஆனால் அதன் குழல் மெலிந்து நீண்டது, முனையில் தடுப்பு கிடையாது. இரண்டிலும் குழலின் இருபுறமும் செங்குத்தாக நிற்கும் சமநிலைத் தூண்களை வைத்து வண்டியை அடையாளம் கண்டுகொண்டு, பிறகு முனையைப் பார்க்க வேண்டும். 76 மி.மீ. களப்பீரங்கிகளில் எஃப்-22 ஆன 76 கே 36க்கும், யூஎஸ்வி ஆன 76 கே 39க்கும் குழல் நீளமே பெரிய வேறுபாடு: முன்னது விட்டத்தைப் போல 51 மடங்கு, பின்னது 42 மடங்கு. சாய்ந்த கோணத்தில் எடுத்த படத்தில் இந்த நீளத்தை அளப்பது எளிதன்று. பக்கவாட்டுப் படம் கிடைக்கும்வரை காத்திருப்பது நல்லது.

டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளில் ஒரு சிறு பொறி உண்டு. ஜெர்மனியின் 50 மி.மீ. பாக் 38இன் வண்டியில் பழைய பிரெஞ்சு 75 மி.மீ. குழலை ஏற்றியதுதான் 75 மி.மீ. பாக் 97/38, இரண்டுக்கும் வளைந்த அதே காப்புத் தகடு. குழல் முனையில் சல்லடைபோலத் துளையிட்ட உருளை இருந்தால் அது பிரெஞ்சுக் குழல். 75 மி.மீ. பாக் 40இன் தகடோ வளைவின்றித் தட்டைப் பலகைகளாக மடிக்கப்பட்டிருக்கும். பாக் 40 பின்லாந்துக்கு 1943இல்தான் வந்தது என்பதால், 1942ஆம் ஆண்டுத் தேதியிட்ட படத்தில் அதைக் கண்டதாக நினைத்தால் மறுபடியும் பார்க்க வேண்டும். குறிப்பிலுள்ள தேதியின் பெரும்பயன் இப்படித் தவறான விடைகளை விலக்குவதில் இருக்கிறது. அதேபோல, வட பின்லாந்தில் 1941 முதல் ஜெர்மன் படைகள் தனியே போரிட்டதால், அந்தப் பகுதிப் படங்களில் நிற்பதெல்லாம் பின்லாந்துப் பீரங்கி என்று முடிவு செய்துவிடக் கூடாது. வீரர்களின் சீருடையையும் தலைக்கவசத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆனால் தலைக்கவசத்தை மட்டும் நம்ப முடியாது. பின்லாந்து வீரர்களும் ஜெர்மன் கவசங்களை அணிந்தார்கள்.

காப்பகம் தானே ஒப்புநோக்குவதற்கு எந்த உதவியும் தருவதில்லை. படத்தை வகைப்படி அடுக்கும் வசதியும் கிடையாது. பீரங்கி என்ற ஒன்றையே தேடி வருகிறவருக்கு இது பெரிய குறை. அந்த இடத்தை நிரப்ப ஹாமீன்லின்னா நகரிலுள்ள மூசியோ மிலிதாரியா அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய பீரங்கி அருங்காட்சியகத்தின் சேகரிப்பு இப்போது அங்கேதான் உள்ளது; பின்லாந்து பயன்படுத்திய பீரங்கிகள் பல அதன் வளாகத்தில் நிற்கின்றன. நேரில் செல்ல இயலாதவர்களும் அங்கே பார்வையாளர்கள் எடுத்து வெளியிட்ட வண்ணப்படங்களைக் காப்பகப் படத்தின் பக்கத்தில் வைத்து உறுப்பு உறுப்பாக ஒப்பிடலாம். ஆனால் அருங்காட்சியகப் பீரங்கி சிலவற்றில் போருக்குப் பிந்தைய மாற்றங்கள் இருக்கக்கூடும். சக்கரங்களை ஒப்பிடும்போது குறிப்பாக எச்சரிக்கை தேவை. மரச்சக்கரங்கள் கழற்றப்பட்டு ரப்பர் சக்கரங்கள் பொருத்தப்பட்ட பீரங்கிகள் உண்டு. அதனால் சக்கரத்தை நான் கடைசிச் சான்றாகவே வைக்கிறேன். வால், பின்னுதைப்பு அமைப்பு, கதவு, குழல் முனை, காப்புத் தகடு ஆகியவை ஒன்றோடொன்று ஒத்துவந்த பிறகே அதற்கு இடம்.

வான் எதிர்ப்புப் பீரங்கிகளுக்கும் கடற்கரைப் பீரங்கிகளுக்கும் காப்பகத்தில் ஏராளமான படங்கள் உண்டு. அவற்றின் அடையாள முறை வேறு என்பதால் இங்கே தொடவில்லை. களப்பீரங்கிகளில் ஆர்வமுள்ளவர்களுக்கு இந்தச் சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன், கணினித் திரையில் பார்ப்பது என்ற ஒரு நிபந்தனையோடு. கைப்பேசியின் சிறு திரையில் மேலே சொன்ன நுணுக்கங்களில் பாதி காணாமல் போய்விடும். படங்களை மற்ற இடங்களில் வெளியிடுகிறவர்கள் எஸ்ஏ-குவா என்று மூலத்தைக் குறிப்பிட வேண்டும். அதோடு அந்தப் படத்தின் காப்பக எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்; நீங்கள் கண்டறிந்த வகை சரிதானா என்று பின்னால் வருகிறவர் மூலப் படத்தை எடுத்துச் சோதிக்க அந்த எண் இருந்தால்தான் முடியும்.