காலர் மைக்கா, ஷாட்கன் மைக்கா?

புதிதாக வீடியோ சேனல் தொடங்குபவர்கள் கேமராவில் காசைக் கொட்டிவிட்டு ஒலியில் கோட்டை விடுகிறார்கள். சட்டையில் குத்தும் சின்னக் காலர் மைக்கா, நீட்டிய திசை ஒலியைப் பிடிக்கும் குழல் போன்ற ஷாட்கன் மைக்கா, எது வேண்டும்?

தூரம்: காலர் மைக்கைத் தாடைக்குக் கீழே 15–20 செ.மீ.யில் குத்தினால் எதிரொலி அடங்கும். ஷாட்கனைக் கேமரா மேலேயே மாட்டுவதுதான் வழக்கமான தவறு. தூரம் இரட்டித்தால் குரல் சுமார் 6 டெசிபெல் இறங்கும். வெற்றுச் சுவர் அறையில் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். ஸ்டாண்டில், தலைக்கு மேல் அரை மீட்டருக்குள், வாயை நோக்கிச் சாய்த்து வையுங்கள்.

உரசல்: காலரில் துணியும் சங்கிலியும் கரகரக்கும். ஷாட்கனில் இல்லை.

இணைப்பு: இரண்டிலும் 3.5 மி.மீ. பின்னைப் பாருங்கள். பின்னில் மூன்று கறுப்பு வளையம் இருந்தால் போனுக்கு, இரண்டு இருந்தால் கேமராவுக்கு. மாற்றிச் செருகினால் பெரும்பாலும் மைக் வேலை செய்யாது.

உட்கார்ந்து பேச, நடந்துகொண்டே பேச காலர். கைவேலை காட்ட ஷாட்கன். இருவர் பேசினால் இரண்டு காலர்.