லே செல்ல இரண்டு சாலைகள்: ஸ்ரீநகர் வழியா, மணாலி வழியா?

மோட்டார் சைக்கிளில் லடாக் செல்லத் திட்டமிடுபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, லே நகரை எந்தப் பக்கத்திலிருந்து அடைவது என்பதைத்தான். எந்த வண்டி, எந்த ஜாக்கெட் என்பனவெல்லாம் அதற்குப் பிறகு வருபவை. நான் ஸ்ரீநகர் வழியாக ஏறி, மணாலி வழியாக இறங்கியவன். இரு சாலைகளையும் ஓட்டியிருக்கிறேன் என்றாலும், மணாலியிலிருந்து மேல்நோக்கி ஏறிய அனுபவம் எனக்குக் கிடையாது. அந்தத் திசையைப் பற்றி இங்கே எழுதுவதெல்லாம், எதிர்ப்பக்கமாக வந்தபோது கண்டதையும், லேயில் தங்கியிருந்தபோது அவ்வழியே வந்து சேர்ந்தவர்களிடம் கேட்டதையும் வைத்துத்தான்.

தூரத்தைக் கொண்டு இந்தக் கேள்வியைத் தீர்க்க முடியாது. ஸ்ரீநகரிலிருந்து லே ஏறத்தாழ 420 கி.மீ. மணாலியிலிருந்து முன்பு 470 கி.மீ.க்கு மேல் இருந்தது. 2020 அக்டோபரில் 9.02 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டதும் அதில் 46 கி.மீ. குறைந்துவிட்டது. சென்னையிலிருந்து வண்டியை ரயில் பார்சலில் அனுப்புபவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை: ஒன்றுக்கு ஜம்மு, மற்றொன்றுக்குச் சண்டிகர். பெட்ரோல் விஷயத்தில் ஸ்ரீநகர் சாலை எளிது. திராஸ், கார்கில் எனத் தொடர்ந்து ஊர்கள் வருகின்றன. மணாலி சாலையில் கேலாங்குக்கு முன்னுள்ள தாண்டி என்ற சிற்றூரின் பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கி.மீ. தொலைவில் என்று எழுதி வைத்திருந்த பலகை ஓட்டிகளிடையே பெயர் பெற்றது. டேங்க் சிறியதாக இருந்தால் கேனில் கூடுதல் பெட்ரோல் சுமக்க வேண்டியிருக்கும்.

அழகுக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் மணாலி சாலைதான் வெல்லும் என்பதைத் தயங்காமல் ஒப்புக்கொள்கிறேன். பாராலாச்சா லாவின் (‘லா’ என்றால் கணவாய்) ஏரிகள், 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட காட்டா லூப்ஸ், பாங் என்ற இடத்தைக் கடந்ததும் விரியும் மோரே சமவெளி ஆகியவற்றுக்கு ஈடானது எதிர்ப்பக்கத்தில் இல்லை. நான்காயிரத்து எழுநூறு மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 40 கி.மீ. தூரத்துக்கு வளைவே இல்லாததுபோல் நீளும் அந்தச் சமவெளியில் வண்டி ஓட்டியவர், மணாலி சாலையைக் குறைத்துப் பேச மாட்டார்.

இருந்தும், லேவுக்கு ஏறிச் செல்வதற்கு ஸ்ரீநகர் சாலையையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் ஒன்றே. இரவில் எவ்வளவு உயரத்தில் தூங்குகிறோம் என்பதுதான் அது. கணவாய்களின் உயரத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வதும் அங்கேதான். ஆனால் ஐயாயிரம் மீட்டர் கணவாயில் அரை மணி நேரம் நின்றுவிட்டு இறங்குவதை உடல் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். பழகாத உயரத்தில் ஓர் இரவு முழுவதும் படுத்திருப்பதுதான் அதைப் படுத்திவிடுகிறது. மூவாயிரம் மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. 3,500 மீட்டரில் இருக்கும் லேயிலேயே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். நம்மைப் போலச் சமவெளியிலிருந்து போகிறவர்களுக்கு இந்த வரம்பு சும்மா சொல்லி வைத்தது அன்று.

இந்த அளவுகோலை மணாலி சாலையின் மீது வைத்துப் பாருங்கள். மணாலி 2,050 மீட்டர். முதல் இரவை 3,200 மீட்டர் அளவிலுள்ள ஜிஸ்பாவில் கழிப்பார்கள். இரண்டாம் இரவுக்குப் பெரும்பாலோர் சேரும் சார்ச்சு கூடார முகாம்கள் ஏறத்தாழ 4,290 மீட்டரில் இருக்கின்றன. ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் கூடிவிடுகிறது. சார்ச்சுவைத் தவிர்த்துப் பாங்கில் தங்கினால் அது 4,600 மீட்டர், இன்னும் மோசம். மறுநாள் 5,328 மீட்டர் உயரமுள்ள தங்லாங் லாவைக் கடந்து லேவுக்கு இறங்க வேண்டும். போகும் ஊரைவிட உயரமான இடத்தில், உடல் பழகுவதற்கு முன்பே ஓர் இரவைக் கழிக்க வைக்கும் சாலை இது.

உயரத்தைவிட, சார்ச்சு அமைந்திருக்கும் இடம்தான் எனக்கு அச்சம் தருகிறது. உயர நோய்க்கு உறுதியான மருந்து கீழே இறங்குவதுதான். சார்ச்சுவிலிருந்தோ எந்தப் பக்கம் கிளம்பினாலும் முதலில் ஏறித்தான் ஆக வேண்டும். தெற்கே 4,850 மீட்டர் அளவில் பாராலாச்சா லா. வடக்கே காட்டா லூப்ஸ், நக்கீ லா, அதற்கு மேல் ஐயாயிரத்தைத் தாண்டும் லாச்சுங் லா. திரும்பி வரும்போது தேநீருக்காக அங்கே நிறுத்தியிருந்தேன். முந்தைய நாள் மணாலிப் பக்கத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர் தன் வண்டியின் பின்சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரவு முழுவதும் வாந்தி. ஹெல்மெட் வாரைக் கொக்கியில் மாட்டக்கூட அவருக்குக் கை ஒத்துழைக்கவில்லை. திரும்பிப் போவதா, லேவுக்கே போய்விடுவதா என்று அவருடைய நண்பர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். இரு வழியிலும் முதலில் மலை ஏற வேண்டும் என்பதால் அவர்களால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. கடைசியில் மணாலிக்குத் திரும்பும் டாக்ஸி ஒன்றில் அவரை ஏற்றி அனுப்பினார்கள். அவருடைய வண்டியை என்ன செய்தார்கள் என்பதைப் பார்க்க நான் அங்கே இருக்கவில்லை.

ஸ்ரீநகர் சாலையின் கணக்கு வேறு. ஸ்ரீநகர் 1,600 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. சோனாமார்க் 2,700 மீட்டருக்குச் சற்று மேல். மறுநாள் 3,528 மீட்டர் உயரமுள்ள ஜோஜி லாவைக் கடந்து, திராஸ் வழியாகக் கார்கிலில் படுக்கும்போது, உயரம் 2,676 மீட்டருக்குக் குறைந்துவிடுகிறது. அதாவது கணவாயில் ஏறிப் பழகிய உடலுக்குத் தாழ்வான இடத்தில் ஓய்வு கிடைக்கிறது. கார்கிலிலிருந்து ஒரே மூச்சில் லே போனால் 800 மீட்டருக்கு மேல் கூடும் என்பது உண்மை. லாமாயுருவில் தங்கினாலும் அதே கதைதான், அந்த ஊரும் 3,500 மீட்டரை ஒட்டியதே. அதனால்தான் அல்ச்சியைப் பரிந்துரைக்கிறேன். சாலையின் மிக உயர்ந்த இடமான ஃபோட்டு லாவை, 4,108 மீட்டர், பகலிலேயே தாண்டிவிட்டு, லேவுக்கு 65 கி.மீ. அளவில் முன்னால், சிந்து நதிக்கு அந்தப் பக்கம் பிரியும் கிளைச்சாலையில் போனால் அல்ச்சி வரும். உயரம் ஏறத்தாழ 3,100 மீட்டர். கார்கில், அல்ச்சி, லே என்று மூன்று இரவுகளை அமைத்தால் எந்த இரவும் 500 மீட்டர் வரம்பைத் தாண்டாது.

அல்ச்சியில் இறங்குவதற்கு உடல்நலம் மட்டும் காரணம் அன்று. அங்குள்ள சும்ட்செக் என்னும் மூன்றடுக்குக் கோயில், காஷ்மீரத்து ஓவிய மரபு இன்றும் சுவரில் தங்கியிருக்கும் மிகச் சில இடங்களில் ஒன்று. அல்ச்சியின் ஓவியங்களை 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை பல விதமாகக் கணிக்கிறார்கள். உள்ளே மூன்று பக்கமும் அவலோகிதேஸ்வரர், மைத்ரேயர், மஞ்சுஸ்ரீ ஆகிய போதிசத்துவர்களின் சுதைச் சிலைகள் நிற்கின்றன. உயரம் காரணமாகத் தலைகள் மேல்தளத்துக்குள் போய்விட, தரையில் நிற்பவர் கண்ணுக்கு இடுப்பு வேட்டிதான் நேராக வருகிறது. அந்த வேட்டியைப் பார்க்கத்தான் போக வேண்டும். அவலோகிதேஸ்வரரின் ஆடை மடிப்புகளில் கோயில்களும் மாளிகைகளும், மைத்ரேயரின் ஆடையில் புத்தரின் வாழ்க்கைக் காட்சிகள், மஞ்சுஸ்ரீயின் ஆடையில் சித்தர்கள் என்று, விரல் அளவு உருவங்களாக நுணுக்கமாகத் தீட்டியிருக்கிறார்கள். படம் எடுக்க அனுமதி இல்லை, வெளிச்சமும் குறைவு, கண் பழகுவதற்குச் சிறிது நேரம் கொடுக்க வேண்டும்.

ஸ்ரீநகர் சாலை குறையற்றது என்று நான் சொல்லவில்லை. ஜோஜி லாவில் பனி உருகிய நீரும் லாரிகள் அரைத்த மண்ணும் கலந்து கணுக்கால் அளவுச் சேறாகக் கிடக்கும். லாரிச் சக்கரம் பதித்த தடத்தில் முன்சக்கரம் இறங்கிவிட்டால், ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி வழுக்குமே தவிரத் திரும்பாது. முதல் கியரில், பிரேக்கைத் தொடாமல், தடம் விட்ட வழியே போய்க்கொண்டிருக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அமர்நாத் யாத்திரை நடக்கும்போது பால்தால் முகாமை ஒட்டிய பகுதியில் போக்குவரத்துக் கட்டுப்பாடுகள் கூடும். சோனாமார்க்கில் அறை கிடைப்பதும் அரிது. 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு பலர் மணாலிப் பக்கம் திரும்பியதில் வியப்பில்லை. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் நிலவரத்தைப் புறப்படும் வாரத்தில் விசாரித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இதற்கு என் அனுபவம் உத்தரவாதம் ஆகாது. மறுபக்கம், மழைக்காலத்தில் குல்லு பள்ளத்தாக்கும் நம்பத்தக்கதன்று. 2023 ஜூலை வெள்ளம் மணாலி வரையிலான சாலையைப் பல இடங்களில் அரித்துக்கொண்டு போனது.

தார்ச்சாவிலிருந்து ஷிங்கு லா, பதும் வழியாக நிம்முவில் வந்து சேரும் மூன்றாவது சாலையில் நான் போனதில்லை. ஆகவே ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.

விடுப்பு, துணைக்கு வருபவர்கள், வாடகை வண்டி என்று ஏதோ ஒரு காரணத்தால் மணாலி வழியாகவே ஏற வேண்டியிருப்பவர்கள், ஜிஸ்பாவிலோ கேலாங்கிலோ இரண்டு இரவுகளாவது தங்க வேண்டும். அங்கே தலைவலி இருந்தால் அது தீரும்வரை பாராலாச்சா பக்கம் போகக் கூடாது. உயர நோயைத் தடுக்க எடுக்கும் டயமாக்ஸ் மாத்திரையை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்ட பிறகே எடுக்க வேண்டும். சல்ஃபா மருந்துகள் ஒவ்வாதவர்கள் அதை அவரிடம் மறக்காமல் சொல்லிவிட வேண்டும். காலையில் சீக்கிரமே புறப்பட்டால், வெயில் ஏறிப் பனி உருகி, சாலைக்குக் குறுக்கே ஓடும் ஓடைகளான நாலாக்களில் நீர் பெருகுவதற்கு முன்பே அவற்றைக் கடந்துவிடலாம். ஸ்ரீநகர் வழியாக ஏறுபவர்கள் இந்த மணாலி சாலையைத் திரும்பும் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். லேயிலும் நுப்ரா பள்ளத்தாக்கிலும் சில நாள் கழித்த உடலோடு வரும்போது, சார்ச்சுவில் தங்க வேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது. தங்கினாலும் தூக்கம் வரும்.